பதிலுக்குக் காத்திருந்த மூன்று மாதம்

பேராசிரியரின் கட்டுரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை காலையில், என் மின்னஞ்சலுக்கு வரும். ஆங்கிலத்தில் அவர் எழுதியதை நான் தமிழில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு வருவார். நாலரைக்குள் முடிந்துவிடும். திங்கட்கிழமை காலை வேலைக்குப் புறப்படும் முன் வார இதழுக்கு அனுப்பிவிடுவேன். ஒன்பது ஆண்டுகள் இப்படி நடந்தது. இரண்டு முறைதான் தவறியது. ஒருமுறை அவருக்குக் கண் அறுவை சிகிச்சை. இன்னொரு முறை என் கணவர் இறந்த வாரம்.

அவர் கோலாலம்பூரில் சட்டம் கற்பித்து, ஓய்வு பெற்று, ஈப்போவுக்குத் திரும்பியவர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறைக்குப் பிறகும் அவர் வாயில் அந்த ஊர்ப் பேச்சு அப்படியே இருந்தது. நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவரின் மகள். இப்போது ஈப்போவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் தலைமை எழுத்தர்.

எதை எழுத ஆரம்பித்தாலும் அவர் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்வார். அமைச்சரோ அதிகாரியோ ‘எனக்குச் சரியென்று பட்டது’ என்று கையெழுத்திட்டால், அது எதை வைத்துச் சரியென்று பட்டது என்று கேட்க நாட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீதிபதி. ‘இந்த முடிவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது’ என்று சட்டத்திலேயே எழுதிவைக்கும் வழக்கத்தை அவர் பலமுறை சாடியிருக்கிறார். நீதிபதி அரசாங்கத்தின் இடத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை, முடிவு எடுத்த முறையை மட்டும் பார்க்கிறார் என்பதற்கு அவர் ஓர் உதாரணம் வைத்திருந்தார்: கறியில் உப்பு போதுமா என்று நீதிபதி கேட்க மாட்டார், சமைத்தவர் கை கழுவினாரா என்று கேட்பார். தமிழில் அந்த வரி வெளியான வாரம் எங்கள் பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மொழிபெயர்க்கிறவள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் நம்பினேன்.

எனக்கு இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. நாளுக்கு அரைப் பக்கம். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள். மனத்தில் என்ன இருந்தது என்று எழுதுவதில்லை. என் அண்ணன் இதைக் கேலி செய்வார். “இவ்வளவு எழுதுறியே, தஞ்சோங் ரம்புத்தான்ல ஒனக்கு ஒரு கட்டில் சொல்லி வெச்சிருக்கேன்லா” என்பார். அந்த ஊரில்தான் பழைய மனநல மருத்துவமனை இருக்கிறது.

அண்ணன் இன்னும் தோட்டத்து லயன் வரிசையில் நாங்கள் பிறந்த அதே வீட்டில்தான் இருக்கிறார். தோட்டம் கைமாறி, பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, அதுவும் போய், நிலம் மாநில அரசிடம் திரும்பிய பிறகும் முப்பத்தொரு குடும்பங்கள் அங்கேயே இருந்தன. பழைய ஆயாக்கொட்டாய், அதாவது அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது எங்களை விட்டுப் போன பிள்ளைக்கூடம், இப்போது அவர்களுடைய கூட்ட மண்டபம். அண்ணன்தான் குடியிருப்போர் குழுவின் தலைவர்.

ஒரு புதன்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “பெஜாபாட்ல இருந்து வந்து கொட்டாய் கதவுல ஒட்டிட்டுப் போயிருக்காங்க. மலாய்ல இருக்கு. நீ கொஞ்சம் பாரு.” நில அலுவலகத்து அறிவிப்பின் படத்தை அனுப்பினார். நிலம் ஒரு வீடமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. குடியிருப்போர் காலி செய்ய வேண்டும். மாநில அதிகாரத் தரப்பின் முடிவு இது. முடிவுக்கு முன் யாரும் அங்கே வந்து ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை கழுவாத சமையல் என்று எனக்கு உடனே தோன்றியது. இப்படிப்பட்ட முடிவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக, அது தெரிய வந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் கெடு என்பதும் எனக்குத் தெரியும். அந்த விதியைப் பற்றிய கட்டுரையை நானே மொழிபெயர்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணனும் நானும் பேராசிரியர் வீட்டுக்குப் போனோம். அவர் அறிவிப்பை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நல்ல வழக்கு என்றார். கேட்காமல் எடுத்த முடிவு நிற்காது என்றார். அண்ணன் முகம் தெளிந்தது. பிறகு பேராசிரியர் சொன்னது இது:

“ஆனால் இப்ப கோட்டுக்கு ஓடாதேங்கோ. நில அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ, நான் நேரிலை கையிலை குடுக்கிறன். பதில் வரும். பதில் வர முன்னம் வழக்குப் போட்டால் அவையளுக்கு முகம் முறிஞ்சு போகும்.”

அப்போது அவர் மாநில அரசின் ஆலோசனைக் குழு ஒன்றில் உறுப்பினராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பொறுப்பை நான் நல்லதாகத்தான் நினைத்தேன். இத்தனை ஆண்டுகள் வெளியே நின்று சொன்னதை இனி உள்ளே உட்கார்ந்து சொல்வார் என்று நினைத்தேன்.

நான் கேட்டேன்: “சார், மூணு மாசக் கெடு இருக்கே?”

“எனக்குத் தெரியாதே, பிள்ளை? அதை எழுதினதே நான்தானே.” சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அண்ணனுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் எங்களுக்குப் பழகிய முறை அது. குறை இருந்தால் கிராணியிடம், அதாவது தோட்டத்து எழுத்தரிடம், மனு கொடுக்க வேண்டும். கிராணி அதைத் தோட்ட நிர்வாகியான துரையிடம் கொண்டுபோவார். துரையின் பதில் வரும் வரை யாரும் சங்கத்துக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ போகக் கூடாது. போனவனுக்கு ‘தலைக்கு மேல போனவன்’ என்று பெயர். அடுத்த முறை அவனுடைய மனு கிராணியின் மேசையிலேயே கிடக்கும். துரைகளும் கிராணிகளும் போய்ப் பல காலம் ஆகிவிட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. என் அலுவலக வேலையும் அதையேதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது: அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராமல் அடுத்த கடிதம் எழுதாதே.

கடிதத்தை அன்றே மலாயில் எழுதினேன். முப்பத்தொரு பேரின் கையெழுத்தும் செவ்வாய்க்கிழமைக்குள் கிடைத்தது. புதன்கிழமை மாலை ஆறு பத்துக்கு, பழுப்பு உறையில் போட்டு, பேராசிரியர் வீட்டு வாசலில் அவர் கையில் கொடுத்தேன். அவர் உறையைக் கையில் எடைபோடுவதுபோல் ஏந்திப் பார்த்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுரையை வாசித்து முடித்ததும் கேட்பேன். கொடுத்தாயிற்று என்றார் முதலில். மேசைக்குப் போயிருக்கிறது என்றார் அடுத்த முறை. ஆறாவது வாரம், ஆள் வெளிநாடு போயிருக்கிறார் என்றார். ஒவ்வொன்றையும் எழுதி வைத்தேன்.

எட்டாவது வாரத்தில் அண்ணன் கூட்டம் போட்டார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இப்போது ஈப்போவில் வழக்கறிஞராக இருக்கும் ஓர் இளம் பெண் அன்று வந்திருந்தாள். கடிதம் ஒரு பக்கம் இருக்கட்டும், வழக்கை ஒரு பக்கம் போட்டுவிடலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது என்று அவள் சொன்னாள். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் எழுந்து, பொறுக்கலாம் என்றேன். இவ்வளவு பெரிய சட்ட அறிஞர் தன் கையால் கொடுத்திருக்கிறார், பதில் வரும் நேரத்தில் வழக்குப் போட்டால் அவருடைய முகத்திலும் அடித்ததுபோல் ஆகும் என்றேன். எங்கள் அம்மாவோடு ஒரே நிரையில் பால்வெட்டிய அக்கா ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுபது வயது இருக்கும்.

“மழை இருட்டிக்கிட்டு வந்தா மங்குப் பாலை ஓடிப்போயி எடுப்போமா, மழைகிட்ட போயி எப்ப வருவேன்னு கேட்டுக்கிட்டு நிப்போமா, தங்கச்சி?”

மங்கு என்பது மரத்தில் பால் வடியும் கிண்ணம்; மழைநீர் விழுந்தால் பால் வீண். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். பொறுக்கலாம் என்றே முடிவாயிற்று. அக்காவும் கை தூக்கினார். “படிச்ச பொண்ணு சொல்லுது” என்றார்.

மூன்று மாதம் ஒரு திங்கட்கிழமையோடு முடிந்தது. பதில் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்கும் முன்பே, அந்த அதிகாரி வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டார் என்று பேராசிரியர் சொன்னார். இனி என்ன செய்வது என்று கேட்டேன். “பாப்பம்” என்றார்.

அன்று மாலையே வழக்கறிஞரைக் கூப்பிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. அடுத்த ஒன்பது நாளில் மனுவைத் தயார் செய்து ஈப்போ உயர்நீதிமன்றத்தில் போட்டாள். கெடு தாண்டிவிட்டதால் முதலில் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். தாமதத்துக்கு நல்ல காரணம் காட்ட வேண்டும். நீதிபதி அதை ஏற்றால் வழக்கு விசாரணைக்கு வரும். ஏற்காவிட்டால், யாரையும் கேட்காமல் எடுத்த அந்த முடிவை எந்த நீதிபதியும் பார்க்கப்போவதில்லை. வீடுகளை இடிக்க வேண்டியதுதான் மீதி.

காரணம் எங்களிடம் இருந்தது. பேராசிரியர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள் வழக்கறிஞர்: கடிதத்தை வாங்கிக்கொண்டேன், பதில் வரும் வரை பொறுக்கச் சொன்னேன். மனுவைப் போடும் முன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். தேநீர் வந்தது. அவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார்.

“எனக்கு அப்பிடி ஞாபகம் இல்லை, பிள்ளை. பொதுவாத்தான் கதைச்சிருப்பன்.”

“கடிதம், சார். ஒங்க கையில கொடுத்தேன். பழுப்புக் கவர்.”

“என்னட்டைத் தந்தனீங்களோ?”

அந்த வாசல் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. நான் நின்ற படியும் தெரிந்தது. அரசாங்கத்துக்கு எதிரான வழக்கில் தன் பெயரைக் கொடுப்பது ஆலோசனைக் குழுவில் இருக்கும் ஒருவருக்கு முறையாகாது என்றும், அது எங்களுக்கு விளங்கும் என்றும் பிறகு சொன்னார். ஞாபகம் இல்லாத ஒன்றை எழுதிக் கொடுப்பது முறையாகாது என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். இரண்டையும் ஒன்றாகச் சொன்னார். அதில்தான் அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

காரில் திரும்பும்போது வழக்கறிஞர், “அக்கா, நீங்க டைரி எழுதுவீங்கன்னு அண்ணன் சொன்னாரு” என்றாள்.

பன்னிரண்டு பக்கங்களைப் படி எடுத்து என் பிரமாணப் பத்திரத்தோடு இணைத்தோம். அந்தப் பக்கங்களில் வேறு விஷயங்களும் இருந்தன. என் சர்க்கரை அளவு, அண்ணனோடு ஒரு சண்டை, மாதா கோயிலில் பூ வைக்க என் முறை வந்த நாள். வழக்கறிஞர் அவற்றை மறைக்கலாம் என்றாள். வேண்டாம் என்றேன், பக்கத்தில் கறுப்பு அடித்திருந்தால் எதை மறைக்கிறாள் என்று கேட்பார்கள். எட்டாவது வாரக் கூட்டத்தில் வழக்கறிஞர் சொன்னதற்கு எதிராக நான் பேசியதும் அதில் இருந்தது.

நீதிமன்றத்துக்கு எதிரே கடைவீட்டு மாடியில் இருந்த சத்தியப் பிரமாண ஆணையர்முன் கையெழுத்திட்டேன். அண்ணன் கூட வந்திருந்தார். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

“நீ எந்திரிச்சுப் பேசுனதையும் வெச்சிட்டியா?”

“ஆமா.”

“எடுத்துரலாம்லா.”

“இருக்கட்டும்ணே.”

அவர் மற்றப் பக்கங்களை அடுக்கி வைத்தார். சண்டை இருந்த பக்கத்தை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

விசாரணை நாளில் இரண்டு வேனும் ஏழெட்டு மோட்டார் சைக்கிளும் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தன. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் என் நாட்குறிப்பைப் பொய் என்று சொல்லவில்லை. அது ஒரு தனி நபரின் பேச்சைப் பற்றிய குறிப்பு, அரசாங்கம் யாருக்கும் காத்திருக்கச் சொல்லவில்லை என்றார். தீர்ப்பு இரண்டு வாரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து பன்னிரண்டுக்குப் பேராசிரியரின் கட்டுரை வந்தது. நான் நிறுத்துகிறேன் என்று அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கெடு பற்றிய கட்டுரை. நீதிமன்றம் ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்கும் அதிகாரம் எவ்வளவு முக்கியமோ, அந்தக் கேள்வி காலத்தில் வர வேண்டும் என்பதும் அவ்வளவு முக்கியம். முடிவுகள் என்றைக்கும் தொங்கிக்கொண்டிருந்தால் எந்த அரசாங்கமும் ஒரு பாலம்கூடக் கட்ட முடியாது. இதுவரை சரி. அவர் சொல்லக்கூடியதுதான். நான்காவது பத்தியில், நல்லெண்ணம் உள்ள ஆனால் அரைகுறையாக அறிந்த இடையாட்களின் பேச்சைக் கேட்டுச் சில எளிய மக்கள் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். நீதிமன்றம் அவர்களுக்கு இரக்கம் காட்டலாம், காலம் தர முடியாது.

மூன்று முறை படித்தேன். பிறகு வழக்கம்போல் மொழிபெயர்த்தேன். ‘அரைகுறையாக அறிந்த’ என்பதை மென்மையாக்கவில்லை. கூட்டவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டார். முதல் மூன்று பத்தியை வாசித்தேன். கோடு போடும் சத்தம் கேட்டது. நான்காவதை வாசித்தேன். பிறகு கேட்டேன்:

“இந்த இடையாள் யாரு, சார்?”

“பொதுவா எழுதினது, பிள்ளை.” தாள் புரளும் சத்தம் கேட்டது. “மொழிபெயர்ப்பு நல்லா வந்திருக்கு.”

மீதியையும் வாசித்து முடித்தேன். நான்கு ஐந்துக்கு வைத்துவிட்டோம். அன்றைய அரைப் பக்கத்தில் அந்த இரண்டு வரியையும் அவர் சொன்னபடியே எழுதினேன். எனக்கு இதில் எது அதிகம் வலித்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் தப்பித்துக்கொண்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, மனிதர்கள் செய்வதுதான். ஆனால் தன் பயத்தை ஒரு சட்டக் கோட்பாடாக எழுதி, அதைத் தமிழில் எழுத என்னிடமே அனுப்பினார். நான் அதைப் படித்தால் என்ன நினைப்பேன் என்று ஒரு கணம் யோசித்திருந்தால்கூட அனுப்பியிருக்க மாட்டார். ஒன்பது ஆண்டுகளில் அந்தத் தொலைபேசியின் மறுபுறம் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை காலை கட்டுரையை இதழுக்கு அனுப்பினேன். ‘தமிழில்’ என்று என் பெயர் வரும் வரியை எடுத்துவிடுங்கள், இது நான் அனுப்பும் கடைசிக் கட்டுரை என்று ஆசிரியருக்கு எழுதினேன். அதை நிறுத்தி வைத்திருக்கலாம். ஆனால் தோட்டத்தில் நான்கு வீட்டில் அந்த இதழ் வாங்குகிறார்கள். அவர் சொன்னதை அவர்கள் என் வாயால் கேட்டது ஒருமுறை போதும். இதையாவது அவர் பெயரில் மட்டும் படிக்கட்டும் என்று நினைத்தேன்.

தீர்ப்பு நாளில் நீதிபதி ஏறக்குறைய பத்து நிமிடம் வாசித்தார். நாட்குறிப்பு ஒழுங்காக எழுதப்பட்டது, அதை நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை என்றார். அந்த இடத்தில் அக்கா என் முழங்கையைப் பிடித்தார். ஆனால் பொறுக்கச் சொன்னவர் முடிவெடுத்தவரும் அல்ல, முடிவெடுத்தவரின் சார்பில் பேச அதிகாரம் பெற்றவரும் அல்ல என்று நீதிபதி தொடர்ந்தார். மனுதாரர்களுக்கு உரிய காலத்திலேயே ஒரு வழக்கறிஞரின் சரியான ஆலோசனை கிடைத்திருக்கிறது. அதை அவர்கள் ஒதுக்கியது இணைக்கப்பட்ட ஆவணத்திலேயே தெரிகிறது. மனு தள்ளுபடி.

அக்கா மெல்ல என் முழங்கையை விட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் நின்றோம். நீதிபதி மலாயில் வாசித்ததை வழக்கறிஞர் மறுபடி எளிதாகச் சொன்னாள். மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் கெடு உண்டு, நம்பிக்கை குறைவு என்றாள். பதிவகம் ஒரு மணிக்குப் பகல் உணவுக்கு மூடும் முன் இன்றைக்கே போட்டுவிடலாமா, அல்லது யோசிக்க வேண்டுமா என்று கேட்டாள்.

“யோசிச்சது போதும்” என்றார் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அவர் முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“வீட்டுக்காரங்க மட்டும், தங்கச்சி” என்றார்.

முறைப்படி அது சரி. எனக்கு அங்கே வீடு இல்லை. கையை இறக்கிக்கொண்டேன். அவர் மீதிப் பேரை எண்ணி முடித்து, முப்பத்தொன்று என்று வழக்கறிஞரிடம் சொன்னார். அவர்கள் படியிறங்கிப் பதிவகத்துக்குப் போனார்கள். பன்னிரண்டு நாற்பது.